காலை பத்து மணிக்கு முன்னால் எடுத்த முடிவு செல்லாது: ஒரு நிகழ்வு ஆய்வு

தொழில் நொடித்து மனச்சோர்வோடு என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் என் தவறுகளையும் மாற்றவில்லை. நான் மனநல ஆலோசகர், மருத்துவர் அல்ல. இது முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் முதல் வாரத்திலேயே ஒரு மருத்துவரின் உதவி தேவைப்பட்டது.

பின்னணி

அவர் நாற்பதைத் தாண்டியவர். மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். நண்பர் ஒருவரோடு கூட்டாக 9 ஆண்டுகள் ஒரு சிறிய அச்சகம் நடத்திவந்தார். மிஷின், பைண்டிங், தாள் கொள்முதல் எல்லாம் இவர் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பதும் கணக்கும் நண்பர் பொறுப்பு. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அது ஆபத்து என்று இருவருக்கும் தெரியும், தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஒரு நாள் நண்பர் விலகினார். அந்த வாடிக்கையாளரும் அவரோடு போய்விட்டார். இவர் இரண்டு மாதம் இழுத்துப் பார்த்தார். கடன் தவணை நின்றது. வேலைக்கு இருந்த இரண்டு பேருக்கும் பாக்கியில்லாமல் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். அதற்கு மூன்றாவது வாரம் என்னிடம் வந்தார். அவராக வரவில்லை, மனைவி அழைத்து வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டது

இரவு தூக்கம் வந்தாலும் மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தூக்கமில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. நண்பர் கடைசியாகப் பேசிய தொலைபேசி உரையாடலை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவருக்கே கணக்கில்லை. பேச்சில் மூன்று வாக்கியங்கள் மாறி மாறி வந்தன: “என்னாலதான் சார்.” “எல்லாமே போச்சு.” “இனிமே இப்படித்தான்.”

இந்த மூன்றும் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல. தோல்விக்கு மனிதர்கள் சொல்லிக்கொள்ளும் காரணத்தை 1978-இல் ஏப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் மூன்று கோணங்களில் பிரித்துக் காட்டினார்கள்: காரணம் என்னிடம் இருக்கிறதா வெளியிலா, வாழ்க்கை முழுவதையும் பாதிக்கிறதா ஒரு பகுதியையா, நிலைத்திருக்குமா மாறுமா. இவர் மூன்றிலும் மோசமான முனையில் நின்றார். எனக்கு அதிகம் உறுத்தியது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி வாதம் செய்ய இடம் உண்டு. “இனிமே இப்படித்தான்” என்று நம்புகிறவர் எதையும் முயன்று பார்க்கவே மாட்டார்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்தேன். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், கூடக் கூடச் சோர்வு அதிகம். அவருக்கு 14 வந்தது, அதாவது நடுத்தர நிலையின் மேல் விளிம்பு. ஒன்பதாவது கேள்வி உயிரோடு இருக்க விருப்பமின்மையைப் பற்றியது. அதைத் தாளில் மட்டும் விட்டுவிடாமல் நேராகவே கேட்டேன். “காலையில எந்திரிக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு ரெண்டு தடவை தோணுச்சு” என்றார். திட்டம் எதுவும் இல்லை, அப்படிச் செய்யும் எண்ணமும் இல்லை என்றார். அந்த எண்ணம் மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினோம், மனைவியிடமும் ஒரு பிரதி கொடுத்தோம். அந்த வாரமே மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் அவர்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தவறு செய்தேன். எழுந்துபோகும்போது ஆறுதலாக இருக்கட்டும் என்று, “கவலைப்படாதீங்க, இதுவும் கடந்து போகும்” என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். “எதுங்க சார் கடந்து போகும்? அச்சகம் திரும்ப வருமா?”

என்னிடம் பதில் இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

அன்று இரவு யோசித்தபோது புரிந்தது, அவர் கேட்டதுதான் சரி. அச்சகம் போனது போனதுதான். ஒன்பது ஆண்டு நட்பும் போனதுதான். அவை தற்காலிகம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இழப்பின் மேல் ஏறி நிற்கும் பாரம், அதிகாலை நடுக்கம், ‘இனிமே இப்படித்தான்’ என்ற உறுதி, இவைதான் மாறக்கூடியவை. நான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டதால், உங்கள் இழப்பு பெரிதல்ல என்று சொன்னதாக அவர் காதில் விழுந்தது.

அடுத்த சந்திப்பில் முதல் வேலையாக அதை ஒப்புக்கொண்டேன். “அச்சகம் திரும்ப வராது. அதைப் பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்ல. ஆனா உங்க பாரம் எப்பவும் ஒரே அளவுலதான் இருக்கான்னு எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியாது. பார்த்துடலாமா?” இதற்கு அவர் ஒப்புக்கொண்டார், அரைமனதாக.

ஒரு நோட்டு. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, பாரம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண். பக்கத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி. வாரக் கடைசியில் இன்னொரு வேலை: அடுத்த வாரம் சராசரியாக எத்தனை இருக்கும் என்று அவரே முன்கூட்டி எழுத வேண்டும்.

முன்கணிப்பைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் ஆகியோரின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், காதல் முறிவு, நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போவது, ஆதரித்த வேட்பாளர் தோற்பது போன்ற ஏமாற்றங்களுக்குப் பிறகு எவ்வளவு வருந்துவோம் என்று மக்களைக் கணிக்கச் சொன்னார்கள். கணித்ததைவிட உண்மையில் பட்ட வருத்தம் குறைவாகவே இருந்தது. நம் மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளச் செய்யும் வேலையை நாம் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த ஆய்வைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. ஊராருக்கு நடந்தது அவருக்கு எதற்கு? அவருடைய கணிப்பும் அவருடைய எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது முடிவு, முடிவுகளைப் பற்றியது. அவர் தலையில் அப்போது நான்கைந்து திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா மிஷின்களையும் வந்த விலைக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுவது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் “நான் இந்தத் தொழிலை விட்டுவிட்டேன்” என்று செய்தி அனுப்புவது. நண்பருக்கு ஒரு நீளமான கடிதம். கடன் கொடுத்தவரிடம் பேசுவது. ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரித்தோம். உடனே செய்தாக வேண்டியது: கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணையை மாற்றிக் கேட்பது. அதை அன்றே செய்தார், பாதித் தவணைக்கு ஒப்புதலும் கிடைத்தது. பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியது: தற்காலிக வேலை தேடுவது. செய்துவிட்டால் திரும்பாதது: மற்ற எல்லாம். திரும்பாதவற்றை ஆறு வாரத்துக்குத் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட்டேன். மிஷின்கள் நிற்கும் அறைக்கு அந்த ஆறு வாரமும் வாடகை போகும். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தார். காத்திருப்பது இலவசம் என்பதுபோலப் பேசும் ஆலோசகர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

முதல் மூன்று வாரம்

முதல் 9 நாட்கள், எல்லாக் காலையும் 9. மதியம் 6, 7. இரவு பெரும்பாலும் 4 அல்லது 5. அடுத்த இரண்டு வாரத்தில் எண்கள் சற்று இறங்கின, ஆனால் காலையில் உச்சமும் இரவில் இறக்கமும் மாறவே இல்லை. மனச்சோர்வில் காலை நேரம் மோசமாக இருப்பது பலருக்கும் உண்டு. எனக்கு அது புதிதல்ல. அவருக்குப் புதிது, ஏனென்றால் நோட்டைப் பார்க்கும்வரை, நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

“ராத்திரி 4 போட்டிருக்கேன், ஆனா அப்படி இருந்ததா ஞாபகமே இல்ல” என்றார். பக்கத்து வரியில், மகளின் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருந்தார்.

முன்கணிப்புகள்: முதல் வாரத்துக்கு 9, வந்தது 7. இரண்டாவதுக்கும் 9 என்றே எழுதினார், வந்தது 6. மூன்றாவது முறை எழுதும்போது கொஞ்சம் தயங்கி 8 போட்டார், வந்தது ஐந்தரை. மூன்று முறையும் ஒரே பக்கம்தான் தவறினார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரே, “நான் நினைக்கிறது நம்பற மாதிரி இல்லையே சார்” என்றார். முதல் நாள் நான் வாயால் சொல்லி எடுபடாத விஷயம் இதுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மிஷின்களை விற்றுத் தொலைக்க வேண்டும், எல்லோருக்கும் செய்தி அனுப்ப வேண்டும் என்ற திட்டங்கள் எல்லாமே விடிகாலை நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் உதித்தவை. அதை அவரேதான் கண்டுபிடித்தார், ஒரு விதியும் போட்டுக்கொண்டார்: காலை பத்து மணிக்கு முன்னால் எடுத்த எந்த முடிவும் செல்லாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாலு பேர் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம்தான் வந்திருக்கும். தானே போட்ட விதி என்பதால் கடைசிவரை கடைப்பிடித்தார்.

நான்காவது வாரம்

மருத்துவர் மறுபடி பார்த்தார், மாத்திரை தேவையில்லை என்றார். எழுந்திருக்காமலே போனால் நல்லது என்ற எண்ணம் முதல் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. வாராவாரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நோட்டில் ஒரு விநோதம். காலை 4, மதியம் 4, இரவு 4. ஏழு நாளும் அப்படியே. யாருடைய மனநிலையும் அப்படி அசையாமல் இருப்பதில்லை. யோசித்துப் பார்த்தால், முந்தைய சந்திப்பில் ஒரு 3-ஐப் பார்த்துவிட்டு நான் “அருமை!” என்றிருக்கிறேன். அவர் எனக்காக மதிப்பெண் போட ஆரம்பித்துவிட்டார். அந்த வாரப் பதிவு வீண். குறைந்த எண்ணைப் பாராட்டுவதை அதோடு நிறுத்தினேன். எண் எதுவானாலும் பக்கத்து வரியைப் பற்றி மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம்: சறுக்கல்

விலகிப்போன நண்பர் புதிதாக ஓர் அச்சகம் தொடங்கிவிட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழைய வாடிக்கையாளரின் பெயரும் சேர்ந்தே காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து நோட்டு காலி. அந்த வாரச் சந்திப்புக்கு வரவில்லை. கூப்பிட்டபோது மனைவிதான் எடுத்தார்: “அதெல்லாம் சும்மா, எண்ணு எழுதினா எல்லாம் சரியாயிடுமான்னு கேக்கறார்.” முதல் நாள் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எடுத்து மேசைமேல் வைத்திருப்பதாகவும், அந்த எண்ணம் வரவில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னார்.

அடுத்த வாரம் வந்தார். பாரம் திரும்பி வந்ததல்ல அவருடைய வருத்தம். திரும்பி வந்ததே, இடையில் குறைந்தது பொய் என்பதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டிருந்தார். இது என் கவனக்குறைவு. மனம் தேறுவது நேர்கோட்டில் போகாது, ஒரு செய்தி, ஒரு தேதி, ஒரு தெருமுனை போதும் மறுபடி உச்சத்துக்குப் போக, என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், தற்காலிகம் என்பதை அவர் ‘ஒரு தடவை போனால் திரும்ப வராது’ என்று புரிந்துகொண்டிருந்தார்.

நோட்டைத் திறந்தோம். மூன்று நாள் வெற்று. நான்காவது நாள் இரவு மட்டும் 7 என்று ஓர் எண், பக்கத்தில் வரி இல்லை. மறுநாள் காலை 7, மதியம் 5. அந்த மூன்று நாளும் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டேன். “பத்துதான்” என்றார். சரி, பத்து என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவை உச்சத்தில் நின்றது 9 நாட்கள், நோட்டு தொடங்குவதற்கு முந்தைய நாட்களைச் சேர்க்காமலே. இந்தத் தடவை மூன்றரை நாள். உச்சத்தின் உயரம் குறையவில்லை, இறங்கிய வேகம் மாறியிருந்தது. அவர் இரண்டு பக்கங்களையும் முன்னும் பின்னுமாக ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

அன்று வேறொன்றையும் பேசினோம். 2015-இல் வெர்டின், லாவ்ரைசன் இருவரும் 27 வகை உணர்ச்சிகள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று மாணவர்களிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். எல்லாவற்றையும்விட நெடுநேரம் நீடித்தது சோகம். எந்த உணர்ச்சி நீடிக்கிறது என்பதைத் தீர்மானித்தவை முக்கியமாக இரண்டு: நிகழ்வு எவ்வளவு பெரியது, அதைத் திரும்பத் திரும்ப எவ்வளவு அசைபோடுகிறோம். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தொலைபேசி உரையாடலை அவர் ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அது அன்றுதான் நடந்ததுபோல ஆகிவிடுகிறது. அதை நினைக்காதே என்று சொல்வதில் பயனில்லை. நினைக்கக் கூடாது என்று முயல்வதே அதை நினைவில் நிறுத்தும். ஆகவே, ஓட ஆரம்பித்ததும் மணியைப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டு, கையால் செய்யும் ஏதாவது வேலைக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். அவர் தேர்ந்தெடுத்த வேலை, வீட்டிலிருந்த கிழிந்த புத்தகங்களுக்குப் பைண்டிங் போடுவது.

ஏழாவது வாரம்: சந்தோஷமும் கணக்கில்

இதை எதிர்பார்க்கவில்லை. வேறொரு பழைய வாடிக்கையாளர் அவராகவே கூப்பிட்டு ஒரு நல்ல ஆர்டர் தருவதாகச் சொன்னார். அன்று இரவு எண் 0. மறுநாள் என்னிடம் வந்தபோது ஆளே வேறு. அதே அறையில் மறுபடி தொடங்கிவிடலாம், வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிறேன் என்றார். ஆறு வாரக் கெடு முடிந்துவிட்டது, ஆகவே கட்டுப்பாடும் இல்லை.

நான் தயங்கித்தான் கேட்டேன்: “இந்த 0 எத்தனை நாள் இருக்கும்னு எழுதுவீங்க?”

அவருக்குக் கோபம் வந்தது. “துக்கம் நிக்காதுன்னீங்க, சரி. சந்தோஷத்தையும் விட மாட்டீங்களா?” நியாயமான கேள்வி. உணர்ச்சி நிலையற்றது என்பது இரண்டு பக்கமும் வெட்டும், துக்கத்துக்கு மட்டும் அதைப் பொருத்திச் சொல்வது ஏமாற்று.

லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரையும் விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் ஒப்பிட்டு பிரிக்மன் குழு 1978-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் பலரும் இழுப்பார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்பது உண்மை. விபத்துக்குள்ளானவர்களும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சேர்த்துச் சொல்வதுதான் தவறு. அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள். எல்லாமே முழுதாகக் கடந்து போய்விடும் என்று சொல்ல அந்த ஆய்வு உதவாது.

அவர் 0-ஐப் பற்றிய கணிப்பை எழுதவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஐந்தாம் நாள் எண் 4-க்கு வந்தது. ஆர்டரும் சொன்ன அளவில் பாதியாகச் சுருங்கியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

பிறகு நடந்தது

எட்டாவது வாரம் பெரிய மிஷினை விற்றார். முதல் வாரத்தில் வியாபாரி சொன்ன விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அறை வாடகையைக் கழித்தால் லாபம் ஒன்றுமில்லை. ஆறு வாரம் பொறுத்ததால் பணம் மிச்சமானது என்று சொல்ல முடியாது. பழைய வாடிக்கையாளர்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பாமல் இருந்ததுதான் மிச்சம், அனுப்பியிருந்தால் அந்தப் பாதி ஆர்டரும் வந்திருக்காது. கட்டிங் மிஷினை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நண்பருக்கான கடிதத்தை எழுதி வைத்திருக்கிறார், அனுப்பவில்லை.

பத்தாவது வாரம் வேறோர் அச்சகத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். மாலையில் வீட்டில் பைண்டிங் வேலை. பன்னிரண்டாவது வாரம் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 5. கடன் முடிய இன்னும் சில வருஷம் ஆகும். அச்சகம் இருந்த தெரு வழியாக அவர் இப்போதும் போவதில்லை.

வேலையிழப்பிலிருந்து மக்கள் மீள்வதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து லூகாஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஜெர்மன் தரவு ஆய்வில், மறுபடி வேலை கிடைத்த பிறகும் வாழ்க்கைத் திருப்தி சராசரியாகப் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இவர் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தழும்பு மிச்சமிருக்கும் என்பதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

முதல் சந்திப்பில் “கடந்து போகும்” என்ற சொல்லையே எடுக்க மாட்டேன். அந்த வாக்கியம் அடிபட்டவருக்காகச் சொல்லப்படுவது குறைவு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் சங்கடத்தைத் தீர்க்கத்தான் பெரும்பாலும் வருகிறது. அன்று என் சங்கடத்துக்குத்தான் சொன்னேன்.

சறுக்கல் வரும் என்பதை நோட்டைக் கொடுக்கும் அன்றே, அதன் முதல் பக்கத்திலேயே எழுதுவேன். பாராட்டினால் எண்கள் கெட்டுப்போகும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

மனைவியை முன்பே உள்ளே கொண்டுவந்திருப்பேன். அவசரத் தாளில் அவருக்கு ஒரு பிரதி கொடுத்ததோடு விட்டுவிட்டேன். வீட்டில் அவரும் மகளும் ஆறு வாரம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறார்கள், சிரிக்கக்கூடப் பயந்து. இரவு எண்கள் குறைந்ததற்கு மகளோடு உட்கார்ந்த நேரங்களும் ஒரு காரணம் என்று நோட்டு இரண்டாவது வாரமே காட்டியது. அதை அவர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு தடவை போனில் பேசினோம். நோட்டு எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டாராம். “கோவம் இன்னும் வருது சார், முக்கியமா காலையில” என்றார். “வந்தா மணியைப் பார்க்கிறேன். பத்தாகலைன்னா, ஆகட்டும்னு விட்டுடறேன்.”